நான்கு விரல் வெளியே

புதன்கிழமை காலை

அன்புள்ள பாப்பாவுக்கு அப்பா எழுதுவது.

நீ அங்கே உடம்புக்கும் மனசுக்கும் ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும். இங்கே நானும் அம்மாவும் சௌக்கியம் என்று எழுதத்தான் பேனா போனது, நிறுத்திவிட்டேன். எப்போதும் எழுதுகிற வரி, யோசிக்காமலே வந்துவிடும், இந்தத் தடவை யோசிக்காமல் ஒரு வரியும் எழுதக்கூடாது என்று அம்மாவின் உத்தரவு. போனிலேயே சொல்லியிருக்கலாமே என்று கேட்பாய். நானும் அதைத்தான் கேட்டேன். "போன்ல வேணாம், போன்ல நீங்க சமாளிச்சிருவீங்க, உக்காந்து எழுதுங்க" என்று தாளையும் பேனாவையும் சாப்பாட்டு மேஜையில் வைத்துவிட்டு வேலைக்குப் போய்விட்டாள். நான் அச்சகத்துக்கு அரை நாள் லீவு சொல்லியிருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை நீ போன் செய்து அம்மா எப்படி இருக்கிறாள் என்று கேட்டபோது, நன்றாக இருக்கிறாள், கடைக்குப் போயிருக்கிறாள் என்றேன். கடைக்குப் போனது மட்டும்தான் நிஜம்.

விஷயத்தைச் சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். அம்மாவுக்கு இடது மார்பில் ஒரு கட்டி இருக்கிறது. குளிக்கும்போது கையில் பட்டிருக்கிறது, பட்டாணி அளவுதான், மூன்று வாரம் என்னிடமே மூச்சு விடவில்லை. தையல் கம்பெனியில் பக்கத்து மிஷினில் உட்காருகிற சிநேகிதிதான் திட்டித் தீர்த்து ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனாள். டாக்டரம்மா படம் எடுத்துப் பார்த்துவிட்டு, போன வாரம் திங்கட்கிழமை ஊசியால் கொஞ்சம் சதை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார். "ரிப்போர்ட் வரட்டும், அதுக்கு முன்னாடி நல்லதாவும் சொல்ல மாட்டேன், கெட்டதாவும் சொல்ல மாட்டேன்" என்றார். நாளை வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள். முடிவு தெரிகிற வரைக்கும் உன்னிடம் சொல்லக் கூடாது என்று முதலில் தடுத்தது அம்மாதான். இப்போது எழுது என்று சொல்வதும் அவள்தான், அதற்குக் காரணம் நான் செய்த ஒரு காரியம். அதையும் எழுதித்தான் ஆக வேண்டும்.

அந்தத் திங்கட்கிழமையிலிருந்து நான் ஒரு நிலையில் இல்லை. அம்மா வழக்கம்போலக் காலையில் சமையலறை ஜன்னலோரம் நாற்காலி போட்டு ஐந்து நிமிஷம் கண்ணை மூடி உட்காருகிறாள். கடவுளிடம் என்ன கேட்கிறாய் என்று ஒரு நாள் கேட்டதற்கு, "ஒண்ணும் கேக்கல, சும்மா உக்காந்திருக்கேன்" என்றாள். எனக்கு அந்தச் சும்மா வராது. உனக்குத்தான் தெரியுமே, சாதாரண நாளில் கடவுளைத் தொந்தரவு செய்கிற ஆள் நான் இல்லை, ஆபத்து என்றால் மட்டும் பேரம் பேசப் போய்விடுவேன். பத்து எண்ணுவதற்குள் பஸ் வந்தால் ரிப்போர்ட் நல்லதாக வரும். மாடிப்படி வலது காலில் முடிந்தால் நல்லதாக வரும். கட்டிங் மிஷினில் அடுக்கிய தாள் ஓரத்தில் பிசிறு இல்லாமல் வந்தால் நல்லதாக வரும். போன வியாழக்கிழமை பிசிறு வந்தது, மனசு கேட்கவில்லை, இன்னொரு வெட்டு வெட்டினேன், ஒரு பள்ளிக்கூடத்து மதிப்பெண் அட்டை ஐநூறும் அளவு குறைந்து பாழாகிவிட்டது. முதலாளி என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு உள்ளே போனார். அங்கேயே எனக்குப் புத்தி வந்திருக்க வேண்டும்.

சனிக்கிழமை மதியம் பெண்கள் வாலிபால், வட்டாரப் போட்டியின் அரையிறுதி, எனக்குக் கோட்டு நடுவர் வேலை. அம்மாதான் போய்விட்டு வாருங்கள், வீட்டில் குட்டி போட்ட பூனை மாதிரி சுற்றாதீர்கள் என்று அனுப்பினாள். இருபத்திரண்டு வருஷமாக அந்த மூலையில் சிவப்புக் கொடியோடு நிற்கிறேன். ஆட்டத்தில் எனக்கு ஏன் அந்த வேலை பிடிக்கும் என்று நீ சின்ன வயதில் கேட்பாய், பதில் சொல்லத் தெரியாது. இப்போது சொல்கிறேன். இந்தப் பக்கமும் வேண்டிக்கொள்கிறார்கள், அந்தப் பக்கமும் வேண்டிக்கொள்கிறார்கள், ஆனால் பந்து ஒரே இடத்தில்தான் விழும். விழுந்த இடத்தைப் பார்த்து அப்படியே சொல்ல ஒருத்தன் வேண்டும். கோவில் குளம் என்று போகாதவனுக்கு அதுதான் பக்தி என்று எனக்குள் ஒரு கர்வம் இருந்தது. உன் பள்ளிக்கூட இறுதி ஆட்டத்தில் நீ போட்ட சர்வீஸை வெளியே என்று கொடி தூக்கியவன் நான். இரண்டு நாள் நீ என்னோடு பேசவில்லை, கொடியை அரிசி டிரம்முக்குள் ஒளித்து வைத்தாய். கோட்டுக்காரர் என்று ஊரே எனக்குப் பேர் வைத்தது அதற்குப் பிறகுதான்.

சனிக்கிழமை ஐந்தாவது செட், மஞ்சள் சட்டைக்காரிகள் பதினாலு, பச்சை பதிமூன்று. பச்சை அணியின் பின்கோடு என் பொறுப்பு. மஞ்சள் பக்கத்திலிருந்து ஒரு பெண் எகிறி அடிக்கப் போகிறாள், அந்த நேரத்தில் என் மனசுக்குள், இது உள்ளே விழுந்தால் அம்மாவுக்கு ஒன்றும் இல்லை என்று ஓடிவிட்டது. நான் கூப்பிடவில்லை, தானாக ஓடியது, அதுவரைக்கும் தப்பில்லை என்று வைத்துக்கொள். பச்சை அணித் தலைவி ஒரு நெட்டைப் பெண், பந்தைப் பார்த்ததுமே "விடு" என்று கத்திவிட்டுக் கையை ஒதுக்கிக்கொண்டாள். பந்து கோட்டுக்கு வெளியே இரண்டு விரல், இல்லை பாப்பா, அடித்துவிட்டு எழுதுகிறேன், நான்கு விரல் வெளியே விழுந்தது. நான் பார்த்தேன். வெயில் கண்ணில் அடிக்கவில்லை, யாரும் மறைக்கவில்லை. பார்த்துவிட்டுக் கொடியை இறக்கினேன், உள்ளே என்று. நடுவர் என்னைப் பார்த்தார், விசில் ஊதினார், ஆட்டம் முடிந்தது. கை தானாக இறங்கியது என்று சொல்லலாம்தான், சொன்னால் அது இரண்டாவது பொய்.

பச்சை அணியில் இரண்டு பேர் நடுவரிடம் ஓடினார்கள். அந்த நெட்டைப் பெண் தடுத்துவிட்டாள். "அவர் சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றாள். எனக்குக் கேட்கிற தூரத்தில்தான் சொன்னாள். அவர்கள் பைகளைக் கட்டிக்கொண்டு போகிற வரை நான் கொடியைச் சுருட்டிச் சுருட்டிப் பிரித்துக்கொண்டிருந்தேன். பஸ்ஸில் வரும்போது ஒரு நிம்மதி வருமா என்று பார்த்தேன். பதிலை நானே எழுதிக் கடவுளின் கையெழுத்தையும் நானே போட்டுவிட்டேன், நிம்மதி எங்கிருந்து வரும்.

திங்கட்கிழமை காலை அம்மாவிடம் சொன்னேன். துணி மடித்துக்கொண்டிருந்தாள். எனக்காகத்தானே செய்தார் என்று இரக்கப்படுவாள் என்று நினைத்தேன் போலிருக்கிறது. கையிலிருந்ததை வைத்துவிட்டு, "அப்ப அந்தப் பந்து வெளிய விழுந்ததும், நான் போய்ச் சேந்துருவேன்னு நீங்களே முடிவு பண்ணிட்டீங்களா" என்று கேட்டாள். அப்புறம் சொன்னாள், "கடவுள்கிட்ட கேக்கணும்னா நேரா கேளுங்க. அந்தப் புள்ளைங்க ஆட்டத்த எதுக்கு நடுவுல இழுக்கறீங்க. எனக்கு வந்த கட்டிக்கு அதுங்க எதுக்குத் தோக்கணும்." அவள் அழுது நான் பார்த்தது இந்தப் பத்து நாளில் அன்றைக்குத்தான், அதுவும் கட்டிக்காக இல்லை, என் மேல் வந்த கோபத்தில். அழுதுகொண்டே மிச்சத் துணியையும் மடித்து அலமாரியில் அடுக்கினாள்.

அன்று சாயங்காலமே வாலிபால் சங்கச் செயலாளரின் அலுவலகத்துக்குப் போய் எழுதிக் கொடுத்தேன். அவர் படித்துவிட்டு, "முடிஞ்ச ஆட்டத்த எதுக்குக் கிளர்றீங்க, ரெண்டு தலைவிங்களும் கையெழுத்துப் போட்டாச்சு, இனிமே மாத்த முடியாது" என்றார். மாற்ற முடியாவிட்டாலும் கோப்பில் இருக்கட்டும் என்று சொல்லிக் கொடியையும் அவர் மேஜையில் வைத்துவிட்டு வந்தேன். நேற்று மதியம் அந்த நெட்டைப் பெண் வேலை பார்க்கிற செருப்புக் கடைக்குப் போனேன். யாருக்கோ அளவு பார்த்துக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தாள். எழுந்தால் என்னைவிட ஒரு தலை உயரம். கட்டி, பேரம், எதையும் சொல்லவில்லை, சொன்னால் அவள் மன்னித்தே ஆக வேண்டிய மாதிரி ஆகிவிடும். பந்து வெளியே விழுந்தது, பார்த்துக்கொண்டேதான் தப்பாகச் சொன்னேன் என்று மட்டும் சொன்னேன். அவள் கையிலிருந்த செருப்பைக் கீழே வைத்தாள். "மூணு நாளா என் கண்ணத்தான் சார் நான் சந்தேகப்பட்டுக்கிட்டு இருக்கேன். பந்து வந்தா விடறதா எடுக்கறதான்னே இனிமே எனக்குத் தெரியாதோன்னு நெனச்சேன்" என்றாள். அப்புறம், "அன்னைக்கே சொல்லியிருக்கலாம் சார், அங்கயே" என்று சொல்லிவிட்டு வேறு அளவு எடுக்க உள்ளே போனாள். திரும்பி வருகிற வரை நின்றேன். வந்தவள் வாடிக்கையாளரிடம்தான் பேசினாள்.

அதைக் கேட்டுவிட்டு அம்மா சொன்னது, இப்போது உங்கள் மகளுக்கும் எழுதிவிடுங்கள், அவளிடமும் ஒரு கொடியை இறக்கி வைத்திருக்கிறீர்கள் என்று. சரிதான். ஞாயிற்றுக்கிழமை நான் உன்னிடம் சொன்னதும் அதே வேலைதான். ஒவ்வொரு பக்கமாகப் படம் எடுத்து இன்றைக்கே உன் போனுக்கு அனுப்பிவிடுகிறேன், தாளையும் தபாலில் போடுகிறேன்.

நாளை கவரைப் பிரித்துப் படிக்க வேண்டியது நான் என்று அம்மா தீர்மானமாகச் சொல்லிவிட்டாள். "கண்ணாடி போட்டுக்கிட்டுப் படிங்க. என்ன போட்டிருக்கோ அத அப்படியே சொல்லுங்க. நடுவுல என் மூஞ்சியப் பாத்து மாத்தக் கூடாது" என்றாள். நல்லதாக வரும் என்று நம்புகிறாயா என்று கேட்டேன். "நம்பாமயா நாளைக்கு மறுநாள் வேலைக்கு வர்றேன்னு சொல்லியிருக்கேன்" என்றாள். இந்த வாரம் பூராவும் நான் அடையாளம் தேடி அலைந்தேன், அவள் மட்டும் வெள்ளிக்கிழமை தைக்க வேண்டிய துணிக்கு நூல் எடுத்து வைத்துவிட்டு வந்திருக்கிறாள்.

நாளை ஆஸ்பத்திரி வராந்தாவிலிருந்தே கூப்பிடுகிறேன். போனில் சார்ஜ் இருக்கட்டும், வெறும் வயிற்றோடு காத்துக்கொண்டிருக்காதே. என் குரல் எப்படி இருக்கிறது என்பதை வைத்து எதையும் முடிவு கட்டாதே, வார்த்தை வருகிற வரைக்கும் பொறு. அதற்கு முன்னால் டிக்கெட் போட வேண்டாம் என்று அம்மா சொல்கிறாள், வேண்டும் என்றால் நானே வா என்பேன். சனிக்கிழமை ஆட்டத்துக்குப் போனால் முட்டிக்கு உறை போட்டுக்கொள். நீ நூறு வயசு நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும், யாரிடமும் எதையும் மறைக்க வேண்டிய நிலைமை உனக்கு வரவே கூடாது, அதுதான் எங்கள் ஆசீர்வாதம்.

இப்படிக்கு,
உன் அப்பா

மதியச் சாப்பாட்டுக்கு வந்த அம்மா முழுவதையும் படித்தாள். எழுத்துப் பிழை இரண்டைத் திருத்தினாள். "எல்லாம் எழுதியிருக்கீங்க, ஒண்ண மட்டும் விட்டுட்டீங்க, அதையும் எழுதுங்க" என்று பேனாவைக் கையில் கொடுத்துவிட்டுப் பக்கத்திலேயே நிற்கிறாள். எனக்குப் பயமாக இருக்கிறது, பாப்பா. அம்மாவுக்கும் பயமாகத்தான் இருக்கிறது.