மணி சுமந்தவன் பேசியது என்ன?

மாப்ள,

நம் புரஜெக்டரை எடுத்துக்கொண்டு போகச் சொல்லி இன்று மதியம் உன் அத்தா கூப்பிட்டிருந்தார். தோல் கிடங்கின் ஷட்டரைத் தூக்கினார். உப்புத்தோல் வாடை மூக்கில் ஏறியதும், வழக்கம்போலத் திரும்பி, "ஏன்டா, இன்னைக்கும் குளிக்கலையா?" என்று கேட்டுவிட்டேன். பக்கத்தில் நீ இல்லை.

ஞாயிற்றுக்கிழமை மதியங்களில் இதே ஷட்டரை இறக்கி இருட்டாக்கி, சுண்ணாம்புச் சுவரில் ஒரே படத்தைத்தான் திரும்பத் திரும்பப் போட்டோம். நூறு வருஷப் பழைய ஊமைப்படம். குதிரையேறி ஊர் ஊராகக் கொள்ளையடிக்கிற ஒருவன், மலையடிவாரத்துச் சின்னக் கோயிலின் மணியையும் பிடுங்கிக்கொண்டு போகிறான். கடைசியில் மனம் திருந்தி, அதே மணியை முதுகில் சுமந்து திரும்பி வருகிறான். அந்த ஊமைப்படத்துக்கு வாய் கொடுத்தவன் நான், வாய்க்கொழுப்பு இலவசம். "ஏலே, அய்யலூர் சந்தைக்குப் போற ஆட்டையெல்லாம் இங்கிட்டுப் பத்துங்கடா!" என்று கொள்ளைக்காரன் கத்துவான். படம் பார்க்க வரும் பக்கத்து டியூஷன் பசங்க உருண்டு சிரிப்பார்கள். நீ காய்ந்த ஆட்டுத்தோலை மடியில் வைத்து, விரல் முட்டியால் தட்டிக் குளம்புச் சத்தத்தில் குதிரை ஓட்டுவாய். பேச்சு திக்கும் என்பதால் நீயே கேட்டு வாங்கிய வேலை அது. உன் குதிரை ஒரு தடவைகூடத் திக்கியதில்லை.

மணியோடு வந்தவன் ஊர்ச்சனத்தின் முன்னால் மண்டியிட்டு வெகுநேரம் பேசுவான். அவன் பேசுவதை எழுதிக் காட்டும் அட்டை மட்டும் திரையில் வராது. அந்த ஒரு இடத்தை நீ கேட்டாய்.

"அ... அது எனக்கு வேணும் மாப்ள. நீ செத்த நேரம் வாயை மூடு."

சரி என்றேன். அந்த ஞாயிறு நீ எழுந்து நின்றாய். "நா... நா..." என்று முதல் எழுத்திலேயே நின்றுவிட்டாய். பசங்க திரும்பிப் பார்த்தார்கள். இரண்டு நொடி எனக்குப் பொறுக்கவில்லை. "நாலு பிரியாணி பார்சல்ணே!" என்று கொள்ளைக்காரன் வாயில் போட்டேன். கிடங்கே அதிர்ந்தது. நீயும் சிரித்தாய்.

"பரவால்லடா, அ... அடுத்த வாரம்."

அடுத்த வாரம் உனக்குக் காய்ச்சல். அதற்கடுத்த வாரம் நீயே இல்லை, அந்தக் காய்ச்சல் உன்னைக் கொண்டுபோய்விட்டது. "குதிரையாரே, கோவமா?" என்று நீ படுத்திருந்தபோது வாட்ஸப்பில் நான் அனுப்பியது இன்னும் ஒற்றை டிக்கோடு நிற்கிறது.

இன்று புரஜெக்டரைக் கையில் கொடுத்துவிட்டு அத்தா கேட்டார்: "தம்பி, அந்தப் படத்துல என்னமோ பேசணும்னு ஒரு வாரமாக் கண்ணாடி முன்னாடி நின்னு சொல்லிப் பாத்தான். நான் உள்ள வந்தா நிப்பாட்டிருவான். என்னப்பா அது? உன்கிட்டச் சொல்லியிருப்பானே?"

எனக்கா வசனப் பஞ்சம்? அழகாக ஒன்றைக் கட்டிச் சொல்லியிருந்தால், அதை வைத்துக்கொண்டு அவர் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருப்பார். நாக்கு நுனிவரை வந்துவிட்டது. ஆனால் அது மறுபடியும் உன் இடத்தில் நான் பேசுவதாகிவிடும்.

"தெரியாது அத்தா. பேசத்தான் வந்தான். நான்தான் விடல."

அவர் அந்தச் சுண்ணாம்புச் சுவரை ஒருமுறை தடவிப் பார்த்தார். பிறகு, "சாப்டியாப்பா?" என்று மட்டும் கேட்டார்.

இப்போதெல்லாம் யாராவது பேசத் தொடங்கினால், முடிக்கும்வரை காத்திருக்கிறேன். பாதிப்பேர் மொக்கைதான் போடுகிறார்கள். இருந்தாலும் காத்திருக்கிறேன். உனக்குக் கொடுக்காத அந்த இரண்டு நொடியை எல்லோருக்கும் கொடுத்துப் பார்க்கிறேன் மாப்ள. தீரவே மாட்டேன் என்கிறது.