எண்பதுக்கு மேல் இருபது

ஜூன் 10, செவ்வாய்

காலை எட்டுக்கே அனல். கடல் காற்று இன்னும் விடுப்பில்.

இன்று ஒரு முடிவு எடுத்தேன். இனி என் காரை நூறு சதவீதம் நிரம்பாமல் சார்ஜரிலிருந்து கழற்றுவதில்லை. முதலில் மனைவி ராஜகனியிடம் அறிவித்தேன். வெங்காயம் நறுக்குவது நிற்கவில்லை. அடுத்து கடையில் கணக்கரிடம். "சரிங்க முதலாளி" என்றார். எதற்கும் அவர் அப்படித்தான். மூன்றாவதாக இந்த நோட்டில்.

காரணம் வருமாறு. முப்பது வருடமாகக் கல்மண்டபத்தில் பருப்பு மொத்த வியாபாரம். மூட்டை ஐம்பது கிலோ என்றால் ஐம்பது. கால் கிலோ குறைந்தாலும் தராசை விட்டு இறங்க விட்டதில்லை. காருக்கு மட்டும் என்ன சலுகை?

ராஜகனி, நறுக்கி முடித்த பிறகு: "இங்கயிருந்து மணலிக்குப் போயிட்டு வாறதுக்கு நூறு எதுக்கு? கன்னியாகுமரிக்கா போறீய?"

கன்னியாகுமரிக்கு இல்லை. சனிக்கிழமை செங்கல்பட்டுக்கு. அவள் அண்ணன் மகளுக்கு நிச்சயதார்த்தம். அந்த மச்சான்தான் போன பொங்கலுக்கு என் எலெக்ட்ரிக் காரை ஒரு சுற்று சுற்றி வந்து, "சாவி முறுக்கி விட்டா ஓடுமா மாப்ளே?" என்று கேட்டவர். அவர் வாசலில் போய் நிறுத்த வேண்டும். பேச்சே வேண்டாம். நிறுத்தினால் போதும்.

ஜூன் 11, புதன்

வெயில். குடியிருப்புச் சங்கம் கீழே பிளக் வைக்க இன்னும் அனுமதிக்கவில்லை. மின்சாரம் ஆபத்து என்கிறார்கள், லிஃப்டில் நின்றுகொண்டு.

ஆகவே திருவொற்றியூர் நெடுஞ்சாலை, பெட்ரோல் பங்க்கின் பின்புறம். இரண்டு சார்ஜிங் கன். ஒன்று ஓடுகிறது. மற்றதன் கழுத்தில் "விரைவில்" என்று அட்டை, மூன்று வாரமாக.

விலை: மதியம் யூனிட் பதினெட்டு. மாலை ஆறுக்கு மேல் இருபத்திரண்டு. வரி தனி. பகலில் சரக்கு நிறைய, அதனால் மலிவு. மாலையில் எல்லோருக்கும் வேண்டும், அதனால் ஏற்றம். ஒளிவு மறைவில்லாமல் திரையிலேயே போட்டிருக்கிறார்கள். இதையே துவரம்பருப்பில் நான் செய்தால் பதுக்கல். மனதாரப் பாராட்டினேன்.

வேகம், கைக்கடிகாரத்தில் பார்த்தது:
12-லிருந்து 80 வரை: 38 நிமிடம்.
80-லிருந்து 100 வரை: 37 நிமிடம்.
இரண்டாவது வரியில் தவறில்லை. மூன்று முறை சரிபார்த்தேன்.

பன்னிரண்டே முக்காலுக்கு எனக்குப் பின்னால் ஒரு வெள்ளை டாக்சி, அதுவும் எலெக்ட்ரிக். ஓட்டுநர் பெயர் தேசப்பன். காசிமேட்டு ஆள். பத்து வருடம் லாஞ்சில் கடலுக்குப் போனவன். இப்போது கப்பல் ஊழியர்களை எண்ணூர் துறைமுகத்துக்கும் ஏர்போர்ட்டுக்கும் ஏற்றி இறக்குகிறான். கொஞ்ச நேரம் பொறுத்தான். பிறகு வந்தான்.

"அண்ணாச்சி, எம்பதாச்சு. கயட்டு."

"நூறு வரைக்கும் போடணும் தம்பி."

"நூறா? இன்னா அண்ணாச்சி, பேட்டரின்னு நென்ச்சியா, பருப்பு மூட்டன்னு நென்ச்சியா?"

நான் பருப்புக்காரன் என்று இவனுக்கு யார் சொன்னது? காரின் பின் சீட்டில் மூட்டையைப் பார்த்திருப்பான்.

"ஐஸ் பொட்டில மீன் கொட்டுவோம்ல. மொதல்ல சரசரன்னு போவும். மூடி கிட்ட வந்துட்ச்சின்னா கையால நெரவி நெரவித்தான் வெக்கணும். மெசினு இப்ப நெரவிகினு கீது."

பேட்டரி பற்றி நான் படித்த ஆங்கிலக் கட்டுரைகள் மூன்று. ஒன்றும் இவ்வளவு தெளிவில்லை. திரையில் தொடக்கத்தில் 48 கிலோவாட் ஓடியது, தொண்ணூற்றைந்தில் ஆறு. உண்மையிலேயே நிரவிக்கொண்டுதான் இருந்தது.

புரிந்தது. இருந்தும் நூறு வரை நின்றேன். கழற்றும்போது மணி ஒன்று இருபத்தைந்து.

ஜூன் 12, வியாழன்

மணலியில் சரக்கு இறக்கிவிட்டுத் திரும்பும் வழியில் டீ. அதே பங்க் எதிரில். தேசப்பன் அங்கே.

"நேத்து என்ன ஆச்சு தம்பி?"

"லேட்டு. ரெண்டு மணிக்கு ஆர்பர் கேட்ல நிக்கணும். ரெண்டே முக்காலுக்குப் போனேன். கப்பல்லேந்து எறங்கன பசங்க நாலு பேரு, பொட்டியோட மொட்ட வெயில்ல. ஏஜெண்ட்டு பேஜார் பண்ணிட்டான். இன்னோரு தபா லேட்டானா மொத்தத்தையும் டீசல் வண்டிக்குக் குட்த்துருவேன்றான்."

"மொத்தம்னா?"

"இந்த ஏஜெண்ட்டு சவாரிய நம்பித்தான் வண்டியே வாங்கனேன் அண்ணாச்சி."

"என்னாலதானே?"

"உன்னாலதான்." டீயை உறிஞ்சினான். "பன்னு துன்றியா?"

மண்டித் தெருவில் ஐந்து நிமிடம் லாரியை மறித்தவனின் மூன்று தலைமுறையையும் விசாரித்துவிடுவார்கள். இவன் பன் வாங்கிக் கொடுத்தான். வெண்ணெய் தடவிய பன். இப்படி ஒரு மனிதனை நான் வரிசையில் எங்கும் சந்தித்ததில்லை. வரிசைகளில் நிறைய நின்றவன் நான்.

வீட்டில் சொன்னேன். ராஜகனி: "ஒருத்தன் பொழப்புல கைய வச்சிட்டு, அவன் காசுல பன்னு வேற தின்னுட்டு வந்திருக்கிய."

ஜூன் 13, வெள்ளி

காஞ்சிபுரம், நிச்சயப் புடவை. போக வர முழு ஏ.சி. வண்டி வழுக்கிக்கொண்டு போனது. சத்தமே இல்லை, பின் சீட்டில் புடவை நிறம் பற்றிய விவாதம் தவிர. திரும்பும்போது சார்ஜ் 14 சதவீதம்.

முதல் முறையாகக் காரின் கையேட்டைப் படித்தேன். தினசரி ஓட்டத்துக்கு எண்பது போதுமாம். பேட்டரிக்கும் அதுவே நல்லதாம். செவ்வாய்க்கிழமை முடிவு ரத்து. புதிய முடிவு: எண்பது. கணக்கர்: "சரிங்க முதலாளி."

மச்சான் போனில்: "மாப்ளே, ஒங்க வண்டிக்குன்னு வாசல்ல ஒரு பிளக்கு இழுத்து வச்சிருக்கேன். பத்தலன்னா பக்கத்து வீட்லயிருந்தும் இழுக்கேன்." பின்னால் பலர் சிரிக்கும் சத்தம்.

ஜூன் 14, சனி

மேகம். மழை இல்லை, புழுக்கம். நிச்சயம் நாலு மணிக்கு.

12.20: பங்க். கன் மாட்டினேன். 14. பக்கத்துக் கன்னில் அதே அட்டை, அதே "விரைவில்".

12.25: தேசப்பன். ஏர்போர்ட்டிலிருந்து நேராக. இன்றும் ரெண்டு மணிக்குத் துறைமுக கேட்டில் நிற்க வேண்டுமாம். அவன் வண்டியில் 9. பின்னாலேயே இன்னும் இரண்டு கார்கள்.

கழற்றச் சொல்லிக் கேட்கவில்லை. திரையைப் பார்த்தான், போனைப் பார்த்தான்.

"எங்க அண்ணாச்சி இன்னிக்கி?"

"செங்கல்பட்டு. எண்பது போதும்."

"எம்பதா? அப்ப ஒரு மணி ஆயிரும்." தலையாட்டினான். "சரி, போட்டுக்கோ. வூட்டு விசேசமா?"

எனக்கு முடிய மணி ஒன்று. பிறகு அவனுக்கு அரை மணி. எண்ணூர் ரோட்டில் கண்டெய்னர் லாரிகள். ரெண்டேகாலுக்கு முன் கேட்டைத் தொட முடியாது. இது இருவருக்கும் தெரிந்தது, அவன்தான் சொல்லவில்லை.

12.27: கழற்றினேன். 26. தராசிலிருந்து கால்வாசி மூட்டையை இறக்கியது வாழ்க்கையில் இதுவே முதல் தடவை.

"யோவ் அண்ணாச்சி, இன்னா பண்றே? உனுக்கு?"

"மாட்டு தம்பி. நிரவாம போற நேரம் இது."

மாட்டினான். 48 கிலோவாட். சரசரவென்று. அழகான இயந்திரம்.

1.46: அவனிடமிருந்து படம். துறைமுக கேட், நான்கு பேர், நான்கு பெட்டி, திறந்த டிக்கி. கீழே: "வந்துட்டேன் அண்ணாச்சி."

செங்கல்பட்டுக்கு பீச் ஸ்டேஷனிலிருந்து மின்சார ரயிலில் போனோம். மச்சான் இழுத்து வைத்திருந்த பிளக்கில் டேபிள் ஃபேன் ஓடியது.