ஞாயிறு மெயில்

இணுவில்
14.03.1984

செல்வத்துரைக்கு,

நான் வாய் மூடி இருந்தது போதும். பக்கத்து ஊரில் இருக்கிற தம்பிக்குத் தபாலில் எழுதுகிறவன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். உன் கடைப் படியில் இனிக் கால் வைப்பதாக இல்லை.

போன திங்கட்கிழமை என் மகள் தேவமலர் கொழும்பில் மருந்தாளர் பயிற்சிக்கான நேர்முகப் பரீட்சைக்குப் போயிருக்க வேண்டும். உனக்குத் தெரியும். சனிக்கிழமை லீவு தந்திருந்தால் அன்று பகல் ரயிலில் நான் அவளைக் கூட்டிப் போயிருப்பேன். நீ வாடிக்கையாளர் முன்னால் சொன்ன பதிலை அவள் எனக்கு மறைத்தாள். அவள் தாய் நேசம்மாதான் சொன்னாள்.

"பிள்ளை, வேலைக்கு வந்து ஆறு கிழமை ஆகேல்லை. சனிக்கிழமை விடேலாது. ஞாயிறு மெயில் ரயிலிலை போ. ஆண்டவர் ரிக்கற் பாக்கிறவர் இல்லையெண்டு கொப்பருக்குச் சொல்லு."

ஆண்டவரின் ஓய்வுநாள் என்று ஞாயிற்றுக்கிழமை பஸ்ஸிலோ ரயிலிலோ நம்மைப் பெற்ற ஐயா ஏறியதில்லை. மழையிலும் நடந்தே ஆராதனைக்குப் போனவர். நானும் ஏறியதில்லை. நீயோ ஞாயிறு பக்கக் கதவைத் திறந்து மருந்து விற்கிறாய். கடை திறப்பு அழைப்பிதழில் என் பெயரை உன் மாமனார் பெயருக்குக் கீழே போட்டவன்தானே. அதையும் நான் மறக்கவில்லை.

அவள் மருந்தாளராகிவிட்டால் குறைந்த சம்பளத்துக்கு ஆள் இல்லாமற் போகும். அதுதான் உன் கவலை.

ஜெபநேசன்

*

மானிப்பாய்
18.03.1984

அன்புள்ள அண்ணைக்கு,

ஞாயிற்றுக்கிழமையில் எழுதுகிறேன். அதையும் என் குற்றங்களோடு சேர்த்துக்கொள்ளுங்கள்.

கடைப் பையன் கனிசியஸ் கால் முறிந்து படுத்திருக்கிறான். சனிக்கிழமைதான் மருந்துப் பெட்டிகள் லொறியில் வரும். இறக்கி அடுக்க நானும் உங்கள் மகளும் மட்டுமே. போன வருடம் முழுக்க அவள் வீட்டில் இருந்து முகம் வாடுகிறாள் என்று இந்த வேலையைக் கேட்டு வந்தது நீங்கள். மறந்துவிட்டீர்கள் போல. பக்கக் கதவைப் பற்றி: காய்ச்சல் கிழமை பார்த்து வருவதில்லை.

பிள்ளை சும்மா இருக்கவில்லை. லீவு கிடைக்காத அந்தச் சனிக்கிழமையே தந்தி அடித்து வேறு நாள் கேட்டாள். ஏப்ரல் இரண்டாந்திகதி வரச்சொல்லி நேற்றுப் பதில் வந்தது. அதுவும் திங்கட்கிழமை. போன ஆடியில் கொழும்பில் தமிழருக்கு நடந்தவற்றுக்குப் பிறகு அவளைத் தனிய விடமாட்டேன். கடையைப் பூட்டிவிட்டு ஞாயிறு மெயிலில் நானே கூட்டிப் போகிறேன். திங்கள் இரவு திரும்ப ஏறினால் செவ்வாய் காலை இருவரும் வேலைக்கு நிற்போம். அந்தச் சனிக்கிழமை மட்டும் கேட்காதீர்கள். கனிசியஸ் அதற்குள் எழும்பமாட்டான்.

நேற்று அவளிடம், வேலையை விட்டுவிட்டுப் போகலாமே என்றேன். "சித்தப்பா, படிப்புக் கிடைக்காட்டி நான் திரும்பவும் வீட்டிலை குந்தேலாது. ரெண்டிலை ஒண்டையும் விடமாட்டன்" என்றாள்.

அவள் படித்து முடித்தால் என் கடைக்கு ஒரு மருந்தாளர் கிடைப்பார், அண்ணை. எனக்கென்ன நட்டம்?

உங்கள் தம்பி,
செல்வத்துரை

*

இணுவில்
22.03.1984

செல்வத்துரைக்கு,

உன் கெட்டித்தனமான கடிதம் கிடைத்தது. கணக்குப் பாடத்தில் உன்னைத் தேற்றி விட்டவன் நான். இன்று எனக்கே கணக்குக் காட்டுகிறாய்.

என் மகள் ஞாயிற்றுக்கிழமை ரயில் ஏறமாட்டாள். ஏறினால் என் வீட்டு வாசலை மிதிக்க வேண்டாம் என்று அவளிடமும் சொல்லிவிட்டேன். அவள் சான்றிதழ்கள் என் அலுமாரிக்குள் பூட்டிக் கிடக்கின்றன. திறப்பு என் மடியில்.

இதற்கு மேல் எழுத ஒன்றுமில்லை.

ஜெபநேசன்

*

இணுவில்
04.04.1984

செல்வத்துரைக்கு,

ஞாயிறு காலை அவள் எங்களோடு ஆராதனைக்கு வந்தாள். பாட்டுக் குழுவில் நின்று பாடினாள். பின்னேரம் நான் கண் விழித்தபோது அவளும் இல்லை, என் சைக்கிளும் இல்லை. நேசம்மா அடுப்படியில் இருந்து, "நான்தான் சோறு கட்டிக் குடுத்தனான். இனி என்னோடை கதையுங்கோ" என்றாள். கல்யாணம் முடித்த நாளிலிருந்து அவள் என்னோடு அப்படிப் பேசியதில்லை. அதையும் நீதான் பழக்கினாய்.

அலுமாரியைத் திறந்து சான்றிதழ்களை எடுத்துக்கொண்டு யாழ்ப்பாணம் ஸ்ரேசனுக்கு நடந்தேன். இரண்டு பஸ் என்னைக் கடந்து போயின. கை காட்டவில்லை. இராணுவம் பெட்டிகளைச் சோதித்துக்கொண்டிருந்தபடியால்தான் மெயில் இன்னும் நின்றது. ஜன்னலில் நீ இருந்தாய். நான் நீட்டியதை வாங்கி, என் கால்களைப் பார்த்துச் சிரித்தாய்.

"அண்ணை, உவ்வளவு தூரமும் நடந்தே வந்தனீங்கள்? ஏறுங்கோ, இடம் கிடக்கு."

அந்தச் சிரிப்பை நான் மன்னிக்கமாட்டேன். நான் ஆசீர்வதிக்க வரவில்லை. ஜெபநேசனின் மகளைக் கடதாசி இல்லையென்று யாரும் திருப்பி அனுப்பக்கூடாது என்பதற்காக வந்தேன்.

தெரிவாகிவிட்டாள் என்று ஊர் முழுக்கத் தெரிந்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது. செவ்வாய் காலை ஸ்ரேசனிலிருந்து நேரே உன் கடைக்குப் போய், பின்னேரம் வரை நின்று வேலை செய்துவிட்டு, சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்தாள். படலைக்கு வெளியே நின்றாள்.

"அப்பா, உள்ளுக்கு வரட்டோ?"

மருந்துப் பெட்டி தூக்கிக் கையெல்லாம் ஊதா மை. கண் இரண்டும் நித்திரையில்லாமற் சிவந்திருந்தன. நேசம்மா போய்ப் படலையைத் திறந்தாள். என் பிள்ளை என் வீட்டுக்குள் வர உத்தரவு கேட்டு நின்றாள், செல்வத்துரை. வாசலை மிதிக்காதே என்று சொன்ன வாய் என்னுடையதாக இருக்கலாம். அவளை அங்கே கொண்டுவந்து நிறுத்தியது நீ.

பயிற்சி தொடங்குமட்டும் உன் கடையில் நிற்கப் போகிறாளாம். நிற்கட்டும். ஞாயிற்றுக்கிழமை பக்கக் கதவுக்கு மட்டும் அவளைக் கூப்பிடாதே. இனி நீ எனக்கு எழுத வேண்டாம். நேசம்மாவுக்கு எழுதுவதென்றால் அவள் பெயருக்கு எழுது. நான் உடைத்துப் பார்க்கமாட்டேன்.

அடியில் 'உன் அண்ணன்' என்று எழுதப் பேனாவை வைத்தேன். மை ஊறியதுதான் மிச்சம். வெறும் 'ஜெபநேசன்' என்று எழுதவும் மனம் வரவில்லை. என் கையெழுத்து உனக்குத் தெரியும். பெயர் போடாமலே மடித்து ஒட்டி, காலையில் சந்தித் தபாற்பெட்டியில் போட்டுவிடுகிறேன்.