கோட்டுப் பையில் விட்ட கை

பெல்மிங்டன், ஒஹாயோ
ஞாயிறு பிற்பகல்

அன்பு நாத்தனார் லொரேனுக்கு,

வெர்னா எழுதுகிறேன். போனில் பேசினால் உன் அண்ணன் காதில் விழும். நானும் என் இடுப்பும் நலம். இடுப்பு கூடுதல் நலம். அவர்தான் நலமில்லை.

போன வாரம் பெட்ரோல் பங்க் கழிவறையில் போதை மிஞ்சி மூச்சில்லாமல் கிடந்த ஒருவனை, ஆம்புலன்ஸ் வேலையில் போன உன் அண்ணன் டெல்பர்ட் மூக்கில் மருந்தடித்து எழுப்பினார். அதற்குள் அவன் கோட்டுப் பையில் இருந்த ஊசி இவர் விரலில் ஏறிவிட்டது. கண் திறந்தவன் ஓடிவிட்டானாம். எச்.ஐ.வி. வராமலிருக்க மாத்திரை தின்கிறார். சூப்புகூட வயிற்றில் தங்கவில்லை. இருப்பதோ ஒற்றைச் சிறுநீரகம்; மாத்திரை அதையும் பதம் பார்க்கிறது. அவன் ரத்தம் சுத்தம் என்று தெரிந்தால் மாத்திரையை நிறுத்திவிடலாம் என்கிறார் டாக்டர்.

அவனைப் பரிசோதிக்க நீதிபதி உத்தரவு போடச் சட்டம் இருக்கிறது. பெயரைச் சொல்லி மனுக் கொடுத்தால் போதும். இவரோ, ஆள் யாரென்றே தெரியாது என்கிறார்.

ஆம்புலன்ஸ் ரேடியோவை ஜெபம்போல் கேட்கும் எதிர்வீட்டு ஓபல், "ஏன்டி வெர்னா, உம்புருஷன் யாரைடி மறைக்கிறான்? பொம்பளையா இருக்கப்போகுது, பாத்துக்கோ!" என்றாள். நானும் அவர் சட்டைகளை மோந்து பார்த்தேன். வெங்காய வாசனை. அதுவும் நான் நறுக்கியது.

பிறகு அவருடைய ஆம்புலன்ஸ் குழுவின் கேப்டன் வந்து, "பையில கூரா எதுவும் இருக்கான்னு கேக்காம கைய விடாதேன்னு புதுப் பசங்களுக்குப் பாடம் எடுக்கறவனே நீதானேய்யா! நீயே விட்டா எப்படி?" என்று திட்டினார். இவர், "ஆஸ்துமா பம்ப்பத் தேடினேன்" என்று சொல்லிவிட்டு, சட்டென்று வாயை மூடிக்கொண்டார்.

அங்கேதான் எனக்கு மூக்கு வேர்த்தது. முன்பின் தெரியாதவனுக்கு ஆஸ்துமா என்று இவருக்கு யார் சொன்னது?

அது கிடக்கட்டும். உன் மகன் கோல்பி எப்படி இருக்கிறான்? சின்ன வயதிலிருந்து படுத்தும் அந்த ஆஸ்துமா எப்படி? நீதிமன்றம் அவனை நன்னடத்தை நிபந்தனையில் விட்டிருக்கிறதே, அது முடியும்வரை அவன் பெயர் எந்த நீதிபதி முன்னும் போகாமல் இருப்பது நல்லது. சும்மா சொன்னேன்.

இன்னொன்றும் சும்மாதான்: உங்கள் ஊர் சுகாதார நிலையத்தில் பெயர் கேட்காமலே ரத்தம் பார்க்கிறார்களாம். நாளைக்கே அவனைக் கூட்டிப் போ. முடிவை என்னிடம் மட்டும் சொல்; நான் ஒரு கேள்வியும் கேட்க மாட்டேன். எனக்கு அது எத்தனை பெரிய தியாகம் என்று உனக்குத் தெரியும்.

உன் பிள்ளை நீண்ட நாள் வாழட்டும், லொரேன். என் கிழவனும் கூட இருக்கட்டும்.

உன் அண்ணி,
வெர்னா