மண் யார் பேரில்

பாங்காக்,
11.7.1982, ஞாயிறு, காலை 9.40.

அன்புள்ள ராசாத்திக்கு,

கல்யாணமான இந்த ஆறு மாதத்தில் நான் எழுதும் பதினோராவது கடிதம் இது. உன்னிடமிருந்து வந்தவை நான்கு. டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டில் பரீட்சைக் காலம் என்று எழுதியிருந்தாய். பரீட்சை பிள்ளைகளுக்குத்தானே, உனக்கு இல்லையே.

நலம், நலமறிய ஆவல் என்றெல்லாம் எழுதினால் ஏர் லெட்டரில் பாதி அதற்கே போய்விடும். விஷயத்துக்கு வருகிறேன். கம்பெனி என் ஒப்பந்தத்தை இன்னும் மூன்று வருடம் நீட்டத் தயாராக இருக்கிறது. டிசம்பருக்குள் கையெழுத்துப் போட வேண்டும். போட்டுவிட்டால் நீ இங்கே வந்துவிடலாம். அதற்காகச் சிலவற்றை விசாரித்து வைத்திருக்கிறேன்.

இங்கே வெளிநாட்டுக்காரன் மண் வாங்க முடியாது. கட்டடம் அவன் பேரில் இருக்கலாம், மண் மட்டும் கூடாது. குத்தகை எடுக்கலாம், முப்பது வருடம் வரை. மூன்று வருடத்துக்கு மேல் என்றால் நில அலுவலகத்தில் பதிந்தாக வேண்டும். பதியாத தாள் வடை மடிக்கத்தான் ஆகும். பலர் இந்த ஊர்க்காரர் ஒருவர் பேரில் வாங்கி, உள்ளே தாங்கள் இருக்கிறார்கள். எங்கள் பாய்லர் பிரிவில் சோம்சாக் என்று ஒருவர் இருக்கிறார். நேர்மையான மனிதர். அவர் பேரில் ஒரு வரிசை வீடு முடிக்கப்போகிறேன். முன்பணம் கொடுத்தாகிவிட்டது. அவரிடம் வரும் வாரம் சொல்லிவிடுவேன்.

நீ செய்ய வேண்டியவை:

1. பாஸ்போர்ட் மனு. உடனே.
2. நம் கல்யாணத்தைப் பதிவு செய்ய வேண்டும். கல்யாணப் பத்திரிகையை இங்கே காட்டினால் சிரிப்பார்கள்.
3. ஸ்ரீரங்கத்து வீட்டை விற்க வேண்டும். நீ இங்கே வந்த பின் பூட்டிக் கிடப்பது வீண். விற்ற பணத்தை இங்கே கொண்டுவரச் சட்டம் விடாது. பாங்கில் டெபாசிட் போடு.
4. ரேஷன் கார்டில் உன் பேரை நீக்க வேண்டும்.
5. கரண்டு இணைப்பை வாங்குபவர் பேருக்கு மாற்ற வேண்டும்.
6. உன் அம்மா லால்குடியில் என் அண்ணன் வீட்டில் இருக்கலாம். பேசிவிட்டேன்.
7. மர அலமாரி, தையல் மிஷின் இரண்டையும் தனியாக விற்றால் நல்ல விலை வரும்.

எதையும் தள்ளிப்போடாதே. நம்பர் போட்டுப் பதில் எழுது.

அன்புடன்,
அடைக்கலம்


ஸ்ரீரங்கம்,
2.8.1982

அன்புள்ள அத்தானுக்கு,

ராசாத்தி வணக்கத்துடன் எழுதுவது. இங்கே அம்மாவும் நானும் நலம். நீங்கள் வேளைக்குச் சாப்பிடுகிறீர்களா? இடத்தை அடைத்தாலும் நான் கேட்கத்தான் செய்வேன். நாளை பதினெட்டாம் பெருக்கு. அம்மா மண்டபப் படித்துறையில் இப்போதே கால் வைக்க இடமில்லையாம்.

நம்பர் போட்டு எழுதச் சொன்னீர்கள். ஒன்று, பாஸ்போர்ட் மனு கொடுத்துவிட்டேன். இரண்டு, பதிவு அலுவலகத்துக்கு அரை நாள் லீவு போட்டுப் போனேன். அங்கிருந்த குமாஸ்தா என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"மாப்பிள்ளை எங்கம்மா?"

"பாங்காக்ல இருக்காருங்க."

"அப்ப அவரு வரட்டும். ஒத்தக் கையில தாலி கட்டினாலும் கட்டலாம், ஒத்தக் கையெழுத்துல பதிய முடியாதும்மா."

வரிசையில் நின்றவர்களெல்லாம் சிரித்தார்கள். நானும்தான் சிரித்துவிட்டு வந்தேன்.

மூன்றாவதுக்கு வருகிறேன். போன வெள்ளிக்கிழமை உங்கள் அண்ணன் முசிறி வாழைக்காய் வியாபாரி ஒருவரை அழைத்துக்கொண்டு வந்தார். எங்களுக்கு முன்கூட்டியே சொல்லவில்லை. மாடி ரூமுக்கு வாடகைக்கு ஆள் வந்திருக்கிறது என்று நினைத்து அம்மா காபி போட்டுக் கொடுத்தாள். அவர் பையிலிருந்து டேப்பை எடுத்து ரேழியை அளக்க ஆரம்பித்தார்.

"ரூமு மாடியிலல்ல இருக்கு, இங்க எதுக்குங்க அளக்குறீங்க?" என்றாள் அம்மா.

"மொத்தமா வாங்குறப்ப மொத்தமாத்தானேம்மா அளக்கணும்? பட்டா இருக்குல்ல?"

அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "பட்டாவா? அதப் பெருமாள்கிட்டத்தான் கேக்கணும். போய்க் கேட்டுட்டு வாங்க, நடை சாத்த நேரம் இருக்கு."

அத்தான், இது உங்களுக்குத் தெரியாது என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது. லால்குடியில் வீடு என்றால் மண்ணும் சேர்ந்தது. எங்கள் தெருவில் அப்படியில்லை. அடிமனை கோயிலுடையது. அதன் மேல் நிற்கும் செங்கல்லும் மரமும்தான் எங்களுடையவை. அப்பா தையல் மிஷினில் உட்கார்ந்து சம்பாதித்துக் கட்டியது இந்த மாடி. வருடா வருடம் மனைக்கு வாடகை கட்டுகிறோம். மண்ணை விற்பதாக நாங்கள் எழுதிக் கொடுக்க முடியாது. முசிறிக்காரர் காபியைக் குடித்து முடிக்காமலே எழுந்துவிட்டார். உங்கள் அண்ணனுக்கு முகம் சுண்டிப்போயிற்று.

போகிற போக்கில் அவர் அம்மாவிடம், "நீங்க ஒண்ணும் வெசனப்படாதீங்கத்தே, லால்குடிக்கு வந்துடுங்க, கொல்லைப்பக்கம் ரூமு சும்மாத்தான் கெடக்கு" என்றார். தன்னை அங்கே அனுப்பப்போவது அம்மாவுக்கு அப்படித்தான் தெரியவந்தது. நான் சொல்லியிருக்கவில்லை. எப்படிச் சொல்வதென்று மூன்று நாளாக யோசித்துக்கொண்டிருந்தேன்.

அவள் டம்ளர்களைக் கழுவி வைத்தாள். மறுநாள் காலையில் பூத் தொடுக்கும்போது, "லால்குடியில தண்ணி உப்பா, நல்ல தண்ணியாடி?" என்று மட்டும் கேட்டாள்.

நல்ல தண்ணிதான் என்றேன்.

மற்ற நம்பர்களுக்கு இப்போது பதிலில்லை.

அன்புள்ள,
ராசாத்தி


பாங்காக்,
15.8.1982, ஞாயிறு, மாலை 4.15.

அன்புள்ள ராசாத்திக்கு,

அடிமனை விஷயத்தை முதலிலேயே ஏன் சொல்லவில்லை? பெண் பார்க்க வந்தபோது வீடு சொந்த வீடு என்றார்களே. ஒரு பாய்லரின் அடித்தளம் யாருடையது என்று தெரியாமல் யாராவது மேலே பாய்லர் ஏற்றுவார்களா? அண்ணனுக்கு வீண் அலைச்சல்.

இங்கும் ஒரு சிக்கல். சோம்சாக்கிடம் சொன்னேன். உதவிதானே, உடனே சரி என்பார் என்று நினைத்தேன். நிலம் உண்மையில் என்னுடையது என்று அவர் கையெழுத்துப் போடுவதற்காக ஒரு தாளும் தயாராக டைப் அடித்து எடுத்துப்போயிருந்தேன். அவர் அதைப் படித்துவிட்டு மடித்து என் சட்டைப் பையிலேயே வைத்தார்.

"இந்தத் தாள் எங்கள் சட்டத்தில் செல்லாது. செல்லாத தாளில் என்னைக் கையெழுத்துப் போடச் சொல்கிறாய். நாளை நான் செத்தால் வீடு என் மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் போகும். அவர்கள் உன்னை வெளியே போ என்றால் நான் வந்து பேச முடியுமா? என்னிடம் கேட்காமலே என் பேரை எழுதியிருக்கிறாயே" என்றார். கோபமில்லாமல்தான் சொன்னார். அன்று மதியம் சாப்பாட்டுக்கு வேறு மேசையில் போய் உட்கார்ந்தார்.

வேறு ஆள் பார்க்கிறேன். முன்பணம் கொடுத்த வீட்டை முடிக்கத் தவணை செப்டம்பர் 20 வரை. நீ 4, 5, 7-க்குப் பதில் எழுது. வீடு விற்காவிட்டால் வாடகைக்கு விடலாம். அப்போதும் அத்தை லால்குடிக்குப் போகத்தான் வேண்டும்.

அடைக்கலம்


ஸ்ரீரங்கம்,
29.8.1982

அன்புள்ள அத்தானுக்கு,

வணக்கம். உங்கள் கடிதம் வியாழக்கிழமை கிடைத்தது.

சொந்த வீடு என்று சொன்னது பொய் இல்லை. இந்தத் தெருவில் பிறந்தவர்கள் எல்லோரும் அப்படித்தான் சொல்வோம். மண் யாருடையது என்று எங்களுக்கும் தெரியும், கோயிலுக்கும் தெரியும். ஒளிவு மறைவு இல்லை. வாடகை ரசீது அப்பா பேரில் வந்தது, இப்போது அம்மா பேரில் வருகிறது. அடுத்தவர் மண்ணில் பயமில்லாமல் இருக்க எங்களுக்குத் தெரியும் அத்தான். அந்த ஊரில் நீங்கள் வாங்கப்போகும் வீட்டில் ரசீது யார் பேரில் வரும்? வேறு ஆள் பார்க்கிறேன் என்கிறீர்கள். சோம்சாக் நல்லவர், அதனால் முடியாது என்றார். சரி என்று உடனே சொல்கிறவர் எப்படிப்பட்டவராக இருப்பார்?

பாஸ்போர்ட் வந்துவிட்டது. போட்டோவில் திருடி மாதிரி இருக்கிறேன். அம்மா பார்த்துவிட்டு, "இந்த மூஞ்சிய நம்பி எவன்டி உள்ள விடுவான்?" என்றாள்.

ஒன்று மட்டும் தெளிவாகச் சொல்கிறேன். அம்மாவை லால்குடிக் கொல்லை ரூமில் விட்டுவிட்டு நான் விமானம் ஏறமாட்டேன். உங்கள் அண்ணி நல்லவர்தான், குறை சொல்லவில்லை. ஆனால் ரேஷன் கார்டுக்கும் தையல் மிஷினுக்கும் நடுவில் எழுதிவைக்கிற ஆளா அவள்? இந்த வீட்டை வாடகைக்கும் விடமாட்டேன்.

வரமாட்டேன் என்று நான் எங்கேயும் எழுதவில்லை. வருகிறேன் என்றும் எழுதவில்லை. உங்கள் பன்னிரண்டு கடிதத்தையும் எடுத்து மறுபடி படித்தேன். 'வருகிறாயா' என்ற வார்த்தை ஒன்றிலும் இல்லை. பாங்காக் எப்படி இருக்கும் என்று பார்க்க எனக்கும் ஆசைதான். வருடத்தில் இரண்டு மாதம் வந்து இருக்கலாம், மீதி நாள் நீங்கள் இல்லாமல் இருக்கலாம், அல்லது நீங்கள் ஒரேயடியாகத் திரும்பி வரலாம். எது சரி என்று எனக்குத் தெரியவில்லை. ஆனால் மூன்று வருடத் தாளில் நீங்கள் தனியாகக் கையெழுத்துப் போட்டுவிட்டு அனுப்பினால், அதன் பிறகு எனக்கு நம்பர் போட்ட கடிதம் எழுத வேண்டாம். அம்மாவுக்கு மட்டும் தீபாவளிக்கு வாழ்த்து எழுதுங்கள்.

கோபத்தில் எழுதவில்லை. இரண்டு முறை எழுதிக் கிழித்து, நிதானமாக எழுதியது இது.

ராசாத்தி


பாங்காக்,
12.9.1982, ஞாயிறு, காலை 6.30.

அன்புள்ள ராசாத்திக்கு,

உன் கடிதம் நேற்று ஷிப்டு முடிந்து வந்தபோது இருந்தது. பதில் எழுத உட்கார்ந்தேன். உன் வாதத்தில் எங்கே தப்பு என்று தேடினேன். இரவு ஒன்பது மணி வரை தேடியும் கிடைக்கவில்லை.

பிறகு சோம்சாக் வீட்டுக்குப் போனேன். தாள் எதுவும் எடுத்துப்போகவில்லை. அவர் மனைவி மீன் குழம்பும் சோறும் வைத்தார். நம் ஊர்க் காரம் இதற்கு முன்னால் ஒன்றுமில்லை. கண்ணில் தண்ணீர் வந்தது, பிள்ளைகள் சிரித்தார்கள். உன் கடிதத்தைப் பற்றியும் மூன்று வருடத் தாளைப் பற்றியும் சொல்லி, என்ன செய்யலாம் என்று கேட்டேன். அவர் கேட்டது ஒரே கேள்விதான்.

"உன் மனைவிக்கு ஆங்கிலம் படிக்கத் தெரியுமா?"

"என்னைவிட நன்றாகத் தெரியும். ஆங்கில டைப்பிங் சொல்லிக்கொடுப்பதுதான் அவள் வேலையே."

"அப்புறம் எதற்கு என்னைக் கேட்கிறாய்?" என்றார்.

நான் பாய்லர் படித்தவன். அழுத்தம் ஏறினால் வால்வைத் திறக்கத் தெரியும். இந்த மாதிரிக் கடிதம் எழுதத் தெரியாது. தெரிந்ததைச் செய்கிறேன். கீழே இருப்பதில் உனக்கு வேலை ஒன்றும் இல்லை. எல்லாம் என்னுடையவை.

1. நாளை காலை வரிசை வீடு வேண்டாம் என்று சொல்லிவிடுவேன். முன்பணம் திரும்பாது. அது எனக்குத் தண்டம், உனக்கில்லை.

2. அண்ணனுக்கு இன்றே எழுதுவேன். இனி யாரும் டேப்போடு உங்கள் வாசலுக்கு வரமாட்டார்கள்.

3. அத்தைக்குத் தனியாக ஒரு கடிதம். நம்பர் இல்லாமல். மன்னிப்பை எப்படி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. தெரியாமலே ஆரம்பிப்பேன்.

4. வரி பாக்கியில்லை என்ற சான்று வாங்குவேன். அது இல்லாமல் இந்த நாட்டிலிருந்து வெளியே விடமாட்டார்கள், பதினைந்து நாள் ஆகும்.

5. நவம்பரில் ஒரு மாத லீவு. சென்னை வந்து அங்கிருந்து ரயிலில் திருச்சி. ஸ்டேஷனுக்கு யாரும் வர வேண்டாம், ஒன்றாம் நம்பர் பஸ் பிடித்துக்கொள்வேன்.

6. பதிவு அலுவலகத்துக்கு இருவரும் போவோம். நீ சரி என்றால்.

7. மூன்று வருடத் தாளைக் கையெழுத்துப் போடாமல் பெட்டியில் வைத்துக் கொண்டுவருவேன். ஆங்கிலத்தில் ஒன்பது பக்கம். நீ முழுவதும் படி. பிறகு வருகிறாயா என்று கேட்பேன். நீ சொல்லும் பதிலைப் பார்த்துவிட்டு அதை நிரப்புவதா கிழிப்பதா என்று இருவரும் முடிவு செய்வோம்.

அடைக்கலம்