ஏழு பவுண்டு காற்று

மரியே வாழ்க

ஜமுனாமரத்தூர்,
13.11.1988

அன்புள்ள என் கணவர் அவர்களுக்கு பிலோமினாள் எழுதிக்கொண்டது. நானும் அத்தையும் சுகமாக இருக்கிறோம். ஷார்ஜாவில் நீங்கள் வேளாவேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இருக்க மாதாவை வேண்டுகிறேன்.

மேலே ஊர் பெயரைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். கண்ணமங்கலத்தில் ஒர்க் ஷாப்பைப் பூட்டிவிட்டு மூன்று நாளாக மலைமேல் இருக்கிறேன். காரணம், உங்கள் கடிதமும் ராஜேந்திரன் சாரின் ஜப்பான் காரும்தான். கார் இங்கே பெட்ரோல் விற்கிற மாதையன் கடைக்குப் பக்கத்தில் புளிய மரத்தடியில் நிற்கிறது. ஓடாது. அதைக் கீழே கொண்டுபோக லாரி வருவதற்குள் எழுதி முடிக்கிறேன்.

பொங்கல் கழித்து நடக்கும் மலைக் கார் போட்டியில் ராஜேந்திரன் சாருடைய காரை நீங்களே ஓட்டப்போவதாகவும், அதற்கு இருபது நாள் லீவு கேட்டு வாங்கிவிட்டதாகவும் எழுதியிருந்தீர்கள். மூன்று வருடமாக எனக்குக் கிடைக்காத லீவு ஒரு காருக்குக் கிடைத்துவிட்டதே என்று அத்தையிடம் சொல்லிச் சிரித்தேன். அத்தை சிரிக்கவில்லை.

வருவதற்குள் டர்போ அழுத்தத்தை ஏழு பவுண்டிலிருந்து பன்னிரண்டுக்கு ஏற்றிவை, நட்டை நாலு சுற்று திருப்பினால் போதும் என்று படம் போட்டு அனுப்பினீர்கள். எனக்கு விளங்கியது சரிதானா பாருங்கள். புகை வெளியே போகிற வேகத்தில் ஒரு விசிறி சுற்றி இன்ஜினுக்குள் காற்றைத் திணிக்கிறது. அளவுக்கு மேல் திணிக்காமல் இருக்கக் கம்பெனிக்காரன் ஒரு சின்னக் கதவு வைத்திருக்கிறான். நட்டைத் திருப்பினால் அந்தக் கதவு தாமதமாகத் திறக்கும், காற்று கூடும், கூடவே சூடும் கூடும். லாரி இன்ஜினோடு வளர்ந்தவள் நான். அப்பாவிடம் படித்த பாடம் எதுவும் மறக்கவில்லை.

நீங்கள் சொன்னதற்காகத் திருப்ப ஒத்துக்கொண்டேன். ஆனால் சோதிக்காமல் விட மனமில்லை. வியாழக்கிழமை அத்திமூர் அடிவாரத்திலிருந்து நானே ஓட்டினேன். பக்கத்து சீட்டில் ராஜேந்திரன் சார் கடிகாரத்தோடு, பின்னால் அத்தை ஜெபமாலையோடு. நான் ராஜேந்திரன் சாரோடு தனியாகப் போனால் ஊர் பேசும் என்று அத்தையே ஏறிக்கொண்டார்கள். முதலில் ஏழு பவுண்டில் ஏறினோம், பதினோரு நிமிடம் பத்து விநாடி. இறங்கி, நட்டைத் திருப்பிப் பன்னிரண்டில் ஏறினோம், பத்து நிமிடம் நாற்பது விநாடி.

பன்னிரண்டில் ஏறியது சுகம். பொய் சொல்ல மாட்டேன். இரண்டாவது கியரில் யாரோ முதுகில் கைவைத்துத் தள்ளியது போல இருந்தது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நீங்கள் இதற்கு ஏன் ஆசைப்படுகிறீர்கள் என்று அன்றைக்குத்தான் புரிந்தது. ஆனால் பிரேக் பழைய பிரேக்தானே. நாலாவது வளைவில் வண்டி நான் நினைத்த இடத்தில் நிற்கவில்லை, ஒரு முழம் தள்ளித்தான் திரும்பியது. அந்தப் பக்கம் தடுப்புச் சுவர் கிடையாது.

நடந்த தப்பைச் சொல்கிறேன். போட்டியில் இரண்டு ஏற்றம். முதலில் ஏறி வந்து, இங்கே பெட்ரோல் போட்டுக்கொண்டு, செங்கம் பக்கம் இறங்கித் திரும்பவும் ஏற வேண்டும். மலையில் பங்க் இல்லை, மாதையன் டிரம்மில் வைத்து விற்பதுதான். போட்டிக்காரர்களும் அங்கேதான் போட வேண்டுமாம். அதனால் நானும் அவரிடமே ஐந்து லிட்டர் ஊற்றிக்கொண்டு செங்கம் பக்கம் இறங்கினேன். திரும்பி ஏறும்போது பாதி வழியில் இன்ஜினுக்குள் சத்தம். இரும்புச் சட்டியில் புளியங்கொட்டை வறுக்கிற மாதிரி. உடனே காலை எடுத்துவிட்டேன். அதற்குள் காரியம் கெட்டுவிட்டது. புகை கக்கிக்கொண்டு தத்தித் தத்தி ஊர் வந்து சேர்ந்தோம்.

மாதையனிடம் போய்ப் பெட்ரோலில் என்ன இருக்கிறது என்று கேட்டேன். மனிதர் பெருமையாகச் சொன்னார்: “இன்னாம்மா இப்டி கேக்குற, நம்ம ஜீப்புங்க எல்லாம் இத்த ஊத்திக்கினுதான் ஓடுது. நாலு டப்பாவுக்கு ஒரு டப்பா சீமெண்ண. நீ நம்ம வூட்டுப் பொண்ணாச்சே, வண்டி தூரமா போவட்டும்னு உனுக்கு இன்னும் அரை டப்பா சேத்துதான் ஊத்தினேன்.” பாசத்தில் ஊற்றியவரிடம் என்ன சண்டை போடுவது? முன்பே கேட்காதது என் தப்பு. அவர் மனைவி பச்சையம்மாதான் மூன்று நாளாக எங்களுக்குச் சாமைச் சோறு போடுகிறாள்.

மரத்தடியிலேயே இன்ஜினைப் பிரித்தேன். மூன்றாவது பிளக்கில் மிளகுப்பொடி தூவியது போல வெள்ளிப் புள்ளிகள். அது பிஸ்டன் உருகித் தெறித்தது. ஓரம் எலி கடித்தது போல இருக்கிறது. பன்னிரண்டு பவுண்டு அழுத்தத்தில் சீமெண்ணெய் கலந்த பெட்ரோல் நேரத்துக்கு முன்னாலேயே வெடித்துவிடும், அந்தச் சத்தம்தான் நான் கேட்டது. ஏழு பவுண்டாக இருந்தால் இதே பெட்ரோலுக்கு முனகிக்கொண்டே ஏறியிருக்கும். ஷார்ஜாவில் பன்னிரண்டில் வருடக்கணக்கில் ஓடுகிறது என்றீர்கள். அங்கே ஊற்றும் பெட்ரோல் வேறு. போட்டி அன்று கலக்காமல் வைப்பதாக மாதையன் சத்தியம் செய்கிறார். டிரம் அதே டிரம், டப்பா அதே டப்பா. அவர் வாக்கை நம்பி முப்பது விநாடிக்காக உங்களை அந்த வளைவுக்கு அனுப்ப நான் தயாராக இல்லை.

உங்கள் மனசு எனக்குத் தெரியும். பதினோரு வருடம் மற்றவர்கள் காருக்கு அடியில் படுத்தவர், ஒரு நாளாவது ஸ்டியரிங்கைப் பிடித்துப் பெயர் வாங்க ஆசைப்படுகிறீர்கள். நான் குறுக்கே நிற்கவில்லை. ஓட்டுங்கள், ஏழில் ஓட்டுங்கள். புது பிரேக் கட்டை போடுகிறேன், நல்ல டயர் போடுகிறேன், பின்சீட்டையும் வேண்டாத இரும்பையும் கழற்றி எறிகிறேன். முப்பது விநாடியில் பாதி அதிலேயே கிடைக்கும். மீதியை உங்கள் கை கொடுக்கட்டும்.

ராஜேந்திரன் சார் முகம் தொங்கிப்போனது. ஆனாலும், “நீங்க சொல்றதுதாம்மா சரி, ஏழுலயே இருக்கட்டும்” என்று சொல்லிவிட்டுத்தான் லாரி பிடிக்கப் போயிருக்கிறார். நட்டை ஏழுக்கே திருப்பி, கம்பி சுற்றி, ஈயம் உருக்கி முத்திரை வைத்துவிட்டேன். அதில் பதிந்திருப்பது என் மோதிரம், கல்யாணத்தன்று கோயிலில் நீங்கள் போட்டது. உடைப்பதானால் என் எதிரில் நின்று உடையுங்கள்.

ஒரு பிஸ்டனும் ஒரு செட் ரிங்கும் வேண்டும். அளவைத் தனித்தாளில் எழுதி வைத்திருக்கிறேன். பார்சலில் அனுப்ப வேண்டாம், ஊருக்கு வருகிற யார் கையிலும் கொடுத்தனுப்ப வேண்டாம். போட்டியே நின்றுபோனாலும் சரி, நீங்களே கையில் எடுத்துக்கொண்டு வாருங்கள்.

மாதா உங்களைப் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்க்கட்டும்.

காத்திருக்கும்,
பிலோமினாள்