செவலைக்குக் கட்டிய நெறி

11.8.2003 திங்கள்
காலையிலேயே வெயில் கொளுத்துகிறது. அச்சாபீஸ் வெட்டுக் காகிதம் ஒரு லோடு ஏற்றியாயிற்று. குடோன் வாசலில் கிடக்கும் தெருநாய் செவலைக்கு இன்னும் முடி கொட்டுகிறது. முகமெல்லாம் புண். தாடைக்குக் கீழே இரண்டு பக்கமும் நெறி கட்டி, கோலிக்குண்டு அளவு. நாலு வருடமாகச் சோறு வைக்கிறேன். தொட்டதில்லை. மார்க்கப்படி, நாய் நக்கினால் ஏழு முறை கழுவ வேண்டும், அதில் ஒரு முறை மண்ணால். எதற்கு வம்பு.

லோடுமேன் கருப்பசாமி: "கந்தகத்தை எண்ணெயில கொளச்சுப் பூசுனா சரியாப் போகும் பாய். எம்பொஞ்சாதி பட்டாசுக் கம்பெனியிலதான இருக்கா. ஒரு கை அள்ளிட்டு வரச் சொல்லுதேன்."

சரி என்றேன்.

13.8 புதன்
சாப்பிட்டு வந்து பார்த்தால் நாய் வெள்ளியாக மின்னுகிறது! கருப்பசாமி பெண்டாட்டி பட்டாசு மருந்து கலக்கும் அறையில் தரையைக் கூட்டி அள்ளி வந்திருக்கிறாள். கந்தகத்தோடு அலுமினியப் பவுடர், இன்னும் என்னென்னவோ. கருப்பசாமி அப்படியே குழைத்துப் பூசிவிட்டான்.

கருப்பசாமி எட்ட நின்று கத்துகிறான். "ஏலே, ஒருத்தனும் இங்கன பீடி பத்த வைக்காதீகலே!"

சிரிப்பு வந்தது. நாய் நடுங்குவதைப் பார்த்ததும் போய்விட்டது. கழுவ ஒருவரும் கிட்டே வரவில்லை. சரி என்று சொன்னவன் நான்தானே. கைலியை மடித்துக் கட்டினேன். நாலு குடம் தண்ணீர், சோப்பு. எலும்பும் தோலும். இப்படிக் கொதிக்கும் உடம்பு என்று தெரியாது. என் முழங்கையில் தலையைச் சாய்த்துக்கொண்டது.

ஏழு முறை கழுவி, கைலி மாற்றி, பள்ளிவாசலுக்குப் போனால் அஸர் ஜமாஅத் தொழுகை முடிந்துவிட்டது. தனியாகத் தொழுதேன். துஆவில் செவலைக்காகவும் கேட்டேன். தப்பாகத் தெரியவில்லை.

14.8 வியாழன்
சிவகாசி மாட்டு டாக்டர் லீவு. செவலையைச் சரக்கு ஆட்டோவில் ஏற்றிச் சாத்தூர் போனேன். அங்கே டாக்டர் பிளேடால் தோலைச் சுரண்டி, கண்ணாடியில் வைத்துப் பார்த்தார்.

"முடி வேர்க்கால்ல கண்ணுக்குத் தெரியாத பூச்சி, பாய். முத்திப்போய்த்தான் நெறி கட்டியிருக்கு. மனுசருக்கு ஒட்டாது. வாரம் ஒரு ஊசி. மருந்துத் தண்ணியில குளிப்பாட்டி, கையுறை மாட்டித் தேய்க்கணும். மூணு வாரத்துல நெறி வத்தலைன்னா, கஷ்டப்படுத்தாம ஊசி போட்டு முடிச்சிரலாம்."

வரும் வழியெல்லாம் அந்தக் கடைசிப் பேச்சுதான் மனதில்.

மைமூன்: "அந்தக் கையோட அடுப்படிக்கு வராதீக." சோற்றுத் தட்டைத் தள்ளி வைத்தாள். பெண்டாட்டி கோபமும் நியாயம்தான்.

21.8 வியாழன்
ஊசி 2. கஞ்சியை மோந்து பார்த்ததோடு சரி. நெறி அப்படியே. "தெருநாய்க்கு இம்புட்டுப் பாடா பாய்?" என்கிறான் கருப்பசாமி. அது போய்விட்டால் தாங்கமாட்டேன் போலிருக்கிறது. எழுதவே வெட்கம்.

4.9 வியாழன்
தூறல். கெடு இன்றோடு முடிகிறது. குளிப்பாட்டும் முன் வெறுங்கையால் தாடைக்கடியில் தடவினேன். இடப்பக்கம் தட்டுப்படவே இல்லை. வலப்பக்கம் மொச்சை அளவு. நம்பாமல் மறுபடி தடவினேன். அல்ஹம்துலில்லாஹ். கண் கலங்கிவிட்டது.

கையுறை மாட்டித் தேய்த்துக்கொண்டிருக்கிறேன், பின்னால் சாப்பாட்டு வாளியோடு மைமூன். எப்போது வந்தாளோ. துப்பட்டி நுனி மூக்கில்.

"நம்ம பிள்ளைக மூணுக்கும் ஒரு நாளாவது தலைக்கு ஊத்தி விட்டிருக்கீகளா?"

இல்லை. ஒரு நாள்கூட இல்லை.

போய்விடுவாள் என்று நினைத்தேன். நின்றாள்.

"காதுக்குப் பின்னாடி விட்டுட்டீக பாருங்க. அங்கனதான் புண்ணு."